லாசரஸ் தீவுக் குடாவில் ஒரு நாள்: டிக்கெட்டுக்கு முன்னால் நாள்காட்டியைப் பாருங்கள்

கேள்வி: நாங்கள் எட்டுப் பேர். பெரியவர்கள் ஐவர், அதில் முழங்கால் வலியுள்ள 68 வயது அம்மாவும் ஒருவர். பிள்ளைகள் மூவர்: 5, 8, 11 வயது. சிங்கப்பூருக்குத் தெற்கே உள்ள லாசரஸ் தீவின் பிறை வடிவக் கடற்கரையில் ஒரு சனிக்கிழமை முழுக்க இருக்க ஆசை. குளியல், கொஞ்சம் கயாக், வீட்டுச் சாப்பாடு. ஃபெரியில் போவதா, யாட் வாடகைக்கு எடுப்பதா? எந்த மாதம் நல்லது? என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

பதில்:

ஃபெரியா யாட்டா என்பது இரண்டாவது கேள்வி. முதலில் தேதி. அந்தக் குடாவின் படங்கள் எல்லாமே நீலத் தண்ணீர் கரை வரை நிரம்பியிருக்கும் நேரத்தில் எடுத்தவை. அதே இடத்துக்கு நேரம் தவறிப் போனால் நிரம்பிய குடாவுக்குப் பதில் ஈர மணலும் கணுக்கால் தண்ணீரும்தான். பிள்ளைகள் அரை மணி நேரத்தில் சலித்துவிடுவார்கள். ஆகவே கடல் ஏற்ற வற்ற அட்டவணையைப் பார்த்த பிறகே டிக்கெட்டைத் தொடுங்கள்.

சிங்கப்பூரில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். பெரிய நாள்களில் இரண்டுக்கும் உள்ள உயர வித்தியாசம் மூன்று மீட்டரை நெருங்கும். சிறிய நாள்களில் ஒரு மீட்டர் வாக்கில்தான். எது பெரிய நாள், எது சிறிய நாள் என்று தெரிந்துகொள்ள, நம் வீட்டுச் சமையலறைச் சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியே போதும். அமாவாசை, பௌர்ணமியும் அடுத்த இரண்டு நாளும் பெரிய ஏற்றம். அஷ்டமி கழிந்து நவமி, தசமி சிறிய ஏற்றம். தைப்பூசத்தன்று கடல் நன்றாக ஏறி இறங்கும், தீபாவளியை ஒட்டிய அமாவாசையிலும் அப்படியே. பெரியவர்கள் நல்ல காரியத்துக்கு ஆகாது என்று தள்ளிவைக்கும் அஷ்டமி நவமிதான் கடலில் நீரோட்டம் அடங்கிக் கிடக்கும் நாள்கள். உங்கள் அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்பது உங்கள் பாடு.

இன்னொரு விஷயம் இந்த ஊருக்கே உரியது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் இங்கே பெரும்பாலும் நண்பகலை ஒட்டி ஏற்றம், மாலையில் வற்றம். பிறகு ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். கணக்குப் போட்டால், பௌர்ணமி அல்லது அமாவாசைக்கு ஒன்றிரண்டு நாள் கழித்து வரும் சனிக்கிழமை குளியலுக்கு மிகப் பொருத்தம்: காலை பத்து மணிக்குப் போய்ச் சேரும்போது தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும், மதியம் ஒரு மணி வாக்கில் நிரம்பி நிற்கும், நீங்கள் கிளம்பும் நேரத்தில்தான் இறங்கும். மோசமான சனிக்கிழமை எதுவென்றால், பௌர்ணமிக்கோ அமாவாசைக்கோ மூன்று நான்கு நாள் முன்னால் வருவது, அதாவது ஏகாதசி, துவாதசி வாக்கில். நீங்கள் இறங்கும்போதே வற்றத் தொடங்கி, பிற்பகல் முழுக்க வற்றிக்கொண்டே போகும். இது தோராயக் கணக்கு. எந்த நாள் என்று முடிவு செய்யும்போது அந்தத் தேதிக்கு வெளியான ஏற்ற வற்ற அட்டவணையில் மணியையும் மீட்டரையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அட்டவணையில் ஏற்றத்தின், வற்றத்தின் நேரமும் உயரமும்தான் இருக்கும். இடையில் என்ன நடக்கிறது என்பதற்கு மாலுமிகள் பயன்படுத்தும் பன்னிரண்டில் பங்கு கணக்கு உதவும். வற்றம் 0.5 மீட்டர், ஏற்றம் 2.9 மீட்டர் என்று வையுங்கள், வித்தியாசம் 2.4. ஆறு மணி நேரத்தில் அது சமமாக ஏறாது. முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கு, 20 செ.மீ. இரண்டாம் மணியில் இரண்டு பங்கு, 40 செ.மீ. மூன்றாம், நான்காம் மணிகளில் மூன்று மூன்று பங்கு, மணிக்கு 60 செ.மீ. பிறகு 40, கடைசியில் 20. மணிக்கு 60 என்றால் பத்து நிமிடத்துக்குப் பத்து செ.மீ. இடுப்பளவு தண்ணீரில் நிற்கவிட்ட 5 வயதுப் பிள்ளைக்கு, நீங்கள் சாப்பாட்டுப் பாத்திரங்களைப் பிரித்து முடிக்கும் அரை மணி நேரத்தில், அதே இடத்தில் கழுத்தருகே தண்ணீர் வந்துவிடும். பிள்ளை நகரவே இல்லை, கடல்தான் ஏறியது. அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பெரியவர் தண்ணீருக்குள்ளேயே, பிள்ளைகளுக்கும் ஆழத்துக்கும் நடுவில் நிற்க வேண்டும். பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வது போதாது. பைகளை வைப்பதற்கும் இதே எச்சரிக்கை: மணலில் காய்ந்த பாசியும் குச்சியும் கோடு போட்டாற்போல் ஒதுங்கியிருக்கும் இடத்துக்கு மேலேதான் பாய் விரிக்க வேண்டும்.

மாதம். பொதுவாக பிப்ரவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்யும், கடலும் கலங்கியிருக்கும். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் காலை அருமையாக இருந்து பிற்பகலில் இடி மின்னல் வரும்; அந்த மாதங்களில் முதல் படகில் போய் இரண்டு மணிக்குள் திரும்பும்படி திட்டமிடுங்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை 'சுமத்ரா' என்று இங்கே எல்லாரும் சொல்லும் சூறைக்காற்று உண்டு. மேற்கிலிருந்து வரிசை கட்டி வரும், பெரும்பாலும் விடிவதற்கு முன்னோ காலையிலோ. மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகக் காற்றோடு ஓரிரு மணி நேரம் அடித்துவிட்டுப் போகும். காலை ஆறு மணிக்கு மழை ரேடாரைப் பாருங்கள். சுமத்ரா ஏழு மணிக்குத் தாண்டிப் போய்விட்டால் பயணத்தை ரத்து செய்யாதீர்கள்; பின்னால் வருவது மிகச் சுத்தமான, குளிர்ச்சியான காலைப்பொழுதாக இருக்கும்.

மின்னலுக்கு ஒரே விதி. மின்னல் வெட்டியதிலிருந்து இடி கேட்கும்வரை எண்ணுங்கள். முப்பது வினாடிக்குள் கேட்டால் எல்லாரும் தண்ணீரைவிட்டு வெளியே. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்தே மறுபடி இறங்க வேண்டும். கடற்கரையில் தனி மரத்தடி ஒதுங்கும் இடமில்லை. கூரையும் சுவரும் உள்ள கட்டடத்துக்குப் போங்கள்.

இனி ஃபெரியா யாட்டா.

ஃபெரி மரினா சவுத் பியரிலிருந்து கிளம்பும். அதே பெயர் கொண்ட எம்ஆர்டி நிலையம் வாசலிலேயே இருக்கிறது, வடக்கு தெற்குப் பாதையின் கடைசி நிறுத்தம். வழக்கமான சேவை செயிண்ட் ஜான்ஸ் தீவில் இறக்கிவிடும், கடல் பயணம் அரை மணி நேரம் வாக்கில். போய்வரப் பெரியவருக்கு 15 வெள்ளி வாக்கில். அங்கிருந்து தரைப்பாலம் வழியாக லாசரஸ் குடாவுக்கு நடந்து 15, 20 நிமிடம். பாதை சமதளம், ஆனால் வெயில். வார நாள்களில் படகுகள் குறைவு, கடைசிப் படகும் சீக்கிரம் போய்விடும். வாரயிறுதியில் அடிக்கடி உண்டு. திரும்பும் படகு பெரும்பாலும் குசு தீவைத் தொட்டுக்கொண்டு வரும், டிக்கெட்டில் அதுவும் அடக்கம். சீன நாள்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில், செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரைக்குள், குசுவுக்கு யாத்திரைக் கூட்டம் போகும். அப்போது படகுத்துறையிலும் படகிலும் நெரிசல். அம்மாவை அழைத்துப்போக அது காலமில்லை.

யாட் என்றதும் அம்மாவுக்கு வசதி என்று தோன்றும். பலருக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் யாட் கரையில் கட்டப்படுவதில்லை. குடாவுக்குள் நங்கூரம் போட்டு நிற்கும். கரைக்குப் போக, பின்பக்கத்திலிருந்து ஆடிக்கொண்டிருக்கும் சின்ன ரப்பர் படகில் இறங்க வேண்டும், பிறகு முழங்கால் தண்ணீரில் கால் வைக்க வேண்டும், திரும்பும்போது அதையே ஏறிச் செய்ய வேண்டும். முழங்கால் வலி உள்ளவருக்கு அந்த ஒரு எட்டு, சமதளத்தில் ஒரு கிலோமீட்டர் நடப்பதைவிடக் கடினம். அம்மாவால் நிதானமாக இருபது நிமிடம் நடக்க முடியும் என்றால் ஃபெரிதான். முடியாது என்றால் யாட் எடுங்கள், ஆனால் அவர் கரைக்கு வராமல் படகின் நிழலிலேயே நாளைக் கழிப்பார் என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வழியும் உண்டு: மரினா சவுத் பியரில் சிறு படகை மொத்தமாக அமர்த்திக்கொண்டு, லாசரஸ் பக்கத்துப் படகுத்துறையிலேயே இறக்கிவிடச் சொல்லலாம். எட்டுப் பேர் இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்தால் செலவு தாங்கும்.

ஃபெரியில் ஒரு சின்ன எச்சரிக்கை. மிதவைத் துறை கடலோடு சேர்ந்து ஏறி இறங்கும். கரையிலிருந்து அதற்குப் போகும் சாய்வுப் பாலம் ஏற்றத்தில் கிட்டத்தட்ட சமமாகவும் வற்றத்தில் நல்ல சரிவாகவும் இருக்கும். நான் சொன்ன பௌர்ணமிக்கு மறுநாள் கணக்கில் திரும்பும் நேரம் வற்றம். அம்மாவைக் கடைசியில் இறக்காமல், கூட்டம் வருமுன் முதலில் கைப்பிடியைப் பிடித்து நடக்கவிடுங்கள்.

யாட்டை முடிவு செய்தால், முன்பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை. கடல்துறை, துறைமுக ஆணையத்தின் உரிமம் பெற்ற வாடகைப் படகா? அனுமதித்த ஆள் எண்ணிக்கை எத்தனை, அதில் கைக்குழந்தையும் கணக்கா? பிள்ளைகள் அளவில் லைஃப் ஜாக்கெட் எத்தனை? நான்கு மணி நேரம் என்பது படகுத்துறையிலிருந்து படகுத்துறை வரையா? செந்தோசா பக்கத்து மரினாவிலிருந்து போய்வரும் நேரம் அதிலேயே கழியும். பாய்மரப் படகாக இருந்தால் இன்னும் கூடுதலாக. இடி மின்னல் வந்தால் வேறு நாள் தருவார்களா, பணம் திருப்பித் தருவார்களா? எழுத்தில் வாங்குங்கள்.

படகை நீங்களே ஓட்டப் போவதில்லை என்றாலும் நங்கூரத்தைப் பற்றித் தெரிந்திருப்பது நல்லது, ஏனென்றால் அந்தக் குடாவில் வாரயிறுதிச் சச்சரவு பெரும்பாலும் அதில்தான் ஆரம்பிக்கிறது. காலை வற்றத்தில் வந்த படகு மூன்று மீட்டர் ஆழத்தில் நங்கூரம் போடுகிறது. ஐந்து மடங்கு கயிறு விட வேண்டும் என்பது பாடம், எனவே 15 மீட்டர் விடுகிறார்கள். ஆழம் என்பது மூன்று மட்டுமில்லை. தண்ணீருக்கு மேல் படகின் முனை ஒரு மீட்டர், இனி ஏறப்போகும் தண்ணீர் 2.4 மீட்டர், ஆகமொத்தம் 6.4, ஐந்து மடங்கு 32 மீட்டர். பதினைந்து மீட்டர் கயிறோடு நிற்கும் படகில், மதியம் ஏற்றம் வந்ததும் கயிறு நங்கூரத்தை மேல்நோக்கி இழுத்து, கொக்கி மணலிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். படகு மெதுவாகப் பக்கத்துப் படகின் மேல் போய்ச் சாயும்போதுதான் தெரியும். நின்ற இடத்திலிருந்து கரையில் முன்னும் பின்னுமாக உள்ள இரண்டு பொருள்களை, ஒரு மரத்தையும் அதற்குப் பின்னால் ஒரு கூரையையும், ஒரே நேர்க்கோட்டில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அவை விலக ஆரம்பித்தால் படகு நகர்கிறது. பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் விளையாட்டாகப் பார்ப்பார்கள்.

எஞ்சினோ ஏர்கானுக்கான ஜெனரேட்டரோ ஓடும்போது படகின் பின்புறத்தில் யாரும் நீந்தக் கூடாது. புரொப்பெல்லர் ஒரு காரணம். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது: புகைக்குழாயிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு நீச்சல் மேடை ஓரத்தில் தேங்கும், வாசனையே இருக்காது. தலைவலி, தலைசுற்றல் என்று ஒருவர் சொன்னால் கடல் மயக்கம் என்று விட்டுவிடாமல் முதலில் எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள்.

கயாக் விஷயத்தில் குடாவின் இரு முனைகளையும் இணைத்து மனத்துக்குள் ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு உள்ளே பிள்ளைகளுக்கும் பழகாதவர்களுக்கும் ஏற்ற தண்ணீர். வெளியே போனால் நீரோட்டம், கப்பல்கள், வேகப் படகுகள். சிங்கப்பூர் நீரிணையில் நீரோட்டம் திரும்பும் நேரமும் ஏற்ற வற்ற நேரமும் ஒன்றாக இருப்பதில்லை; தண்ணீர் நிரம்பி நின்ற பிறகும் வெளியே இழுப்பு இருக்கும். அட்டவணையைப் பார்த்து 'இப்போது ஏற்றம், ஓட்டம் இருக்காது' என்று குசுவுக்குத் துடுப்புப் போடலாமா என்று கேட்பவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். சான்றிதழும் உடன்வரும் அனுபவசாலியும் இல்லாமல் கோட்டைத் தாண்ட வேண்டாம்.

கரையில் கயாக்கும் நின்று துடுப்புப் போடும் பலகையும் வாடகைக்குக் கிடைக்கும். சனிக்கிழமைக்கு முன்பதிவு செய்துவிடுங்கள். இருவர் கயாக்கில் கனமானவர் பின்னால் உட்கார வேண்டும், முன்னால் உட்கார்ந்தால் மூக்கு அமிழ்ந்து நேராகப் போகாது. காற்று எங்கிருந்து வருகிறதோ முதலில் அந்தப் பக்கமாகத் துடுப்புப் போடுங்கள். களைத்த பிறகு காற்றே கரைக்குத் தள்ளிவிடும். முதலில் காற்றோடு போய்விட்டுத் திரும்ப முடியாமல் கையைக் காட்டுபவர்கள்தான் அதிகம். பலகையில் நிற்பவர் காற்று பிடித்ததும் உடனே முழந்தாளிட வேண்டும். நின்ற உடம்பே பாய்மரம் மாதிரி. காலில் கட்டும் கயிறு கட்டாயம்.

காற்றடைத்த யானை, அன்னம், டோனட் மிதவைகளை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கரையிலிருந்து கடல் பக்கம் வீசும் காற்றில் அவை நீந்துபவரைவிட வேகமாகப் போகும், பிள்ளை அதன்மேல் இருக்கும். கையில் மாட்டும் காற்றுப் பட்டைகளும் விளையாட்டுச் சாமான்தான். லைஃப் ஜாக்கெட் அளவைப் பார்க்கும் விதம் எளிது: பிள்ளைக்கு மாட்டிப் பட்டைகளை இறுக்கிய பிறகு, தோள் பகுதியைப் பிடித்து மேலே தூக்குங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் பெரியது. தண்ணீரில் தாடையைத் தாண்டி முகத்தை மூடிவிடும். 5 வயதுக்காரருக்கு இரு கால்களுக்கு நடுவில் போகும் பட்டை உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

கப்பலோ ஃபெரியோ தூரத்தில் கடந்து சில நிமிடம் கழித்து, எதிர்பாராத நேரத்தில் நாலைந்து அலைகள் கரையைத் தொடும். கயாக்கைக் கரையேற்றும்போது கயாக்குக்கும் கரைக்கும் நடுவில் யாரும் நிற்கக் கூடாது. தண்ணீர் நிறைந்த கயாக்கை அலை தூக்கி முழங்காலில் மோதினால் எலும்பு தாங்காது.

முகமூடியும் மூச்சுக்குழாயும் போட்டுப் பவளம் பார்க்கலாமா என்றால், எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர்க் கடலில் 250 வகைக்கு மேல் கடினப் பவளங்கள் இருக்கின்றன. ஆனால் தண்ணீர் கலங்கல், பல நாள் இரண்டு மூன்று மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. தெளிந்திருப்பது நவமி, தசமி வாக்கில், மழையில்லாத சில நாள்களுக்குப் பிறகு. லாசரஸின் தென்பகுதியும் குசு பாறைத்திட்டும் சேர்ந்து நாட்டின் இரண்டாவது கடல் பூங்காவாகும் என்று 2024ல் அறிவித்திருக்கிறார்கள். சிப்பியோ பவளத் துண்டோ பையில் போட்டுக்கொண்டு வருவது வேண்டாம்.

கடிகளும் கொட்டுகளும். மிக நிச்சயமானது மணல் ஈ. மலாய்க்காரர்கள் 'அகாஸ்' என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு, கடித்தபோது ஒன்றும் தெரியாது, மறுநாள்தான் காலெல்லாம் தடித்து ஒரு வாரம் அரிக்கும். காலையும் மாலையும் அதிகம், ஈர மணலருகே அதிகம். பிக்காரிடின் அல்லது டீட் கலந்த மருந்தை முழங்காலுக்குக் கீழே விடாமல் பூசுங்கள், சன்ஸ்கிரீன் காய்ந்த பிறகு. மணலில் நேராக உட்காராமல் தடித்த பாய்.

பெட்டி வடிவ இழுதுமீன் இந்தக் கடலில் உண்டு. அபூர்வம்தான், ஆனாலும் அரை லிட்டர் வெள்ளை வினிகர் பாட்டில் ஒன்று பையில் இருக்கட்டும். பட்டுவிட்டால் தேய்க்காமல், நல்ல தண்ணீர் ஊற்றாமல், அரை நிமிடம் வினிகரை ஊற்றி, பிறகு ஒட்டியிருக்கும் நூலிழைகளைச் சிறு இடுக்கியால் எடுங்கள். மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் ஆம்புலன்ஸுக்கு 995. கல்மீன், திருக்கை முள்ளுக்கு வினிகர் பயனில்லை. அதற்கு வெந்நீர்: 45 டிகிரி வரை, பொறுக்கும் சூட்டில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் காலை அமிழ்த்தி வைக்க வேண்டும். தீவில் வெந்நீருக்கு எங்கே போவது? கோப்பிக்கு எடுத்துப்போகும் ஒரு லிட்டர் ஃபிளாஸ்க்தான். 85 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டரோடு இரண்டரை லிட்டர் கடல் தண்ணீர் சேர்த்தால் 45 டிகிரி வாக்கில் மூன்றரை லிட்டர் கிடைக்கும். கொட்டாத காலையோ கையையோ முதலில் விட்டுச் சூடு பாருங்கள். கொட்டிய கால் மரத்திருக்கும், வெந்தாலும் தெரியாது. இதையெல்லாம் தவிர்க்க எளிய வழி: தடித்த அடியுள்ள செருப்பு, அதோடு தண்ணீரில் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் உரசி உரசி நடப்பது. திருக்கை அதிர்வைக் கேட்டு விலகிவிடும்.

995-ஐ அழைக்கும்போது 'தீவில் இருக்கிறோம்' என்றால் போதாது. லாசரஸ் தீவு, பிறை வடிவக் கடற்கரை, லாசரஸோடு ஒட்டியுள்ள செரிங்காட் தீவுப் பக்கமா செயிண்ட் ஜான்ஸ் பக்கமா என்று சொல்லுங்கள். கைப்பேசி சில நேரம் இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுப் பக்கத்து அலைவரிசையைப் பிடித்துக்கொள்ளும். கிளம்பும்போதே ரோமிங்கை அணைத்துவிடுங்கள்.

வெயில். சிங்கப்பூர்க் கடிகாரம் சூரியனுக்கு ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது. உச்சி வெயில் 12 மணிக்கு இல்லை, ஒரு மணி வாக்கில். பதினொன்று முதல் மூன்று வரை புறஊதாக் குறியீடு 11ஐத் தாண்டும் நாள்கள் உண்டு. உங்கள் ஏற்றம் ஒரு மணிக்கு என்றால், நல்ல தண்ணீரும் கொடிய வெயிலும் ஒன்றாக வருகின்றன. ஆகவே கை நீளச் சட்டை, தொப்பி. சன்ஸ்கிரீன் ஒருவர் உடம்பு முழுக்க ஒருமுறை பூச 30 மி.லி. ஆகும். ஐந்து பெரியவர் மூன்று முறை பூசினாலே 450 மி.லி. நம் தோலுக்கு எதற்கு என்று 50 மி.லி. குழாய் ஒன்றை எட்டுப் பேருக்குக் கொண்டுபோவதுதான் வழக்கமாக நடக்கிறது. நீளச் சட்டை போட்டால் பூச வேண்டியது பாதியாகும், அது சிக்கனமும்கூட.

குடிதண்ணீர் முழுவதும் கையோடு: பெரியவருக்கு மூன்று லிட்டர், பிள்ளைக்கு இரண்டு. தீவில் சிறு கடை இருந்தாலும் அதை நம்பிப் போக வேண்டாம். அரை லிட்டர் பாட்டில்களில் பத்தை முந்தின இரவே உறைய வைத்து ஐஸ் பெட்டியின் அடியில் போட்டால் தனியாக ஐஸ் வாங்க வேண்டாம், மதியத்துக்கு மேல் அதுவே குடிக்கவும் ஆகும்.

சாப்பாட்டில் தேங்காய் வேண்டாம். நாசி லெமாக், தேங்காய்ச் சட்னி, தேங்காய்ச் சாதம் மூன்றும் இந்த வெக்கையில் மதியத்துக்குள் புளித்துவிடும். சமைத்த உணவு நான்கு மணி நேரத்துக்குமேல் வெளியில் இருக்கக் கூடாது என்பதை, சமைத்து இறக்கிய நேரத்திலிருந்து எண்ணுங்கள். படகேறிய நேரத்திலிருந்து இல்லை. காலை ஆறரைக்குச் சமைத்துக் கட்டிய பொட்டலம் பத்தரைக்கு எல்லையைத் தொடும். அதனால் புளிச்சாதம் கொண்டுபோங்கள், பரப்பி நன்றாக ஆறவிட்ட பிறகு கட்டி, ஐஸ் பெட்டிக்குள்ளேயே. நல்லெண்ணெய் தடவி மிளகாய்ப் பொடி புரட்டிய இட்லி இதற்கென்றே பிறந்தது, பத்தரைக்குள் சாப்பிட்டு முடித்துவிடலாம். பழம் என்றால் கொய்யாவும் ஆரஞ்சும், தர்ப்பூசணி கனம். குப்பை திரும்பி வரும் பையில்தான் போக வேண்டும், இரண்டு பெரிய பைகள் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

2024 ஜூன் 14ல் பாசிர் பாஞ்சாங் முனையத்தில் கப்பல்கள் மோதி 400 டன் வாக்கில் எண்ணெய் கசிந்தபோது, இந்தத் தீவுகளின் கடற்கரைகளும் மூடப்பட்டன. கிளம்பும் நாளுக்கு முந்தின மாலை அறிவிப்பு ஏதும் உண்டா என்று பார்த்துவிடுவது இரண்டு நிமிட வேலை.

அம்மாவுக்கு ஒரு விஷயம் சொல்லலாம். செயிண்ட் ஜான்ஸில் நீங்கள் நடந்துபோகும் பாதைக்கு அருகில் 1874 முதல் தொற்றுநோய்த் தடைக்காப்பு நிலையம் இருந்தது. தமிழகத்திலிருந்து கப்பல் தளத்தில் பயணம் செய்து வந்தவர்களில் பலர், சிங்கப்பூர் மண்ணில் கால் வைக்குமுன் நாள்கணக்கில் அங்கே காத்திருந்தவர்கள். மரநிழலில் நின்று மூச்சு வாங்க அது நல்ல இடம்.

திரும்பும்போது கடைசிப் படகுக்கு முந்தின படகைக் குறிவையுங்கள். சனிக்கிழமை மாலை எல்லாரும் கடைசிப் படகுக்கே வருவார்கள், வரிசை நீளும். குடாவிலிருந்து படகுத்துறைக்கு 20 நிமிட நடை, வரிசைக்கு 20, ஈரத்துணி மாற்ற 20; ஆக, படகு நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து ஏற்றுங்கள். அவர்கள் ஒருமுறை சொன்னால் வரமாட்டார்கள், அதற்கும் பத்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு லிட்டர் நல்ல தண்ணீரைத் தனியாக வைத்திருந்தால் மூவரின் காலிலிருந்தும் முகத்திலிருந்தும் உப்பையும் மணலையும் கழுவ அது போதும்.